வயதான நாய்க்கு அக்குபங்சர்: சேலம், ஏற்காடு பக்கம் யாராவது செய்து பார்த்தீர்களா?

செம்மடுவு வாசி:
எங்கள் லாப்ரடார் ராணிக்கு 13 வயது. இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மெலாக்சிகாம் என்ற வலி மாத்திரை கொடுத்து ஓரளவு சமாளித்து வந்தோம். போன ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியிருந்ததால் டாக்டர் அதை நிறுத்திவிட்டார். இப்போது எழுந்து நிற்பதற்கே யோசிக்கிறாள். முன்னங்காலை ஊன்றிப் பாதி உடம்பைத் தூக்குவாள், பின்பக்கம் வராது, அப்படியே உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்ப்பாள். மார்கழிப் பனியில் இது இன்னும் மோசம்.

எங்கள் டாக்டருடைய சேலம் கிளினிக்குக்கு வாரம் ஒரு நாள் வெளியூரிலிருந்து இன்னொரு கால்நடை மருத்துவர் வந்து அக்குபங்சர் செய்கிறாராம். "தேய்ந்த மூட்டு திரும்ப வளராதுங்க. வலி குறைஞ்சு நிம்மதியா தூங்கினா போதும்னு நினைச்சு வாங்க" என்றார். வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை, "வயசான காலத்தில் அதைக் குத்திக் கொல்லாதே" என்கிறார். வலிக்குமா, பலன் உண்டா, எத்தனை நாளில் தெரியும்? இன்னொன்று, ராணிக்குக் கார் என்றாலே ஆகாது. நாங்கள் ஏற்காட்டு மலை மேல் இருக்கிறோம், இறங்கும்போது நாலாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவாள்.

ஐந்துரோடு அசோக்:
மெல்லிய ஊசி குத்திக்கொள்ள 20 கொண்டை ஊசியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது உங்களுக்கு. கிண்டலுக்குச் சொல்லவில்லை அக்கா, அதுதான் பெரிய கேள்வியே. விவரம் தெரிந்தவர்கள் வரட்டும், நானும் பின்தொடர்கிறேன்.

ஃபேர்லேண்ட்ஸ் கீதா:
எங்கள் டாஷ்ஹண்ட் புஜ்ஜிக்குச் செய்தோம். முதுகுத் தட்டு நழுவிப் பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அறுவை சிகிச்சைக்குச் சென்னை போகச் சொன்னார்கள். இதய முணுமுணுப்பு இருந்ததால் மயக்க மருந்து கொடுக்கப் பயந்து, மாத்திரையும் கூண்டு ஓய்வும் அக்குபங்சரும் என்று முடிவெடுத்தோம்.

வலிக்குமா என்று கேட்டீர்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். டாக்டர் எடுத்தவுடன் ஊசியைத் தொடவே இல்லை. கட்டைவிரலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து வால் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் புஜ்ஜியின் தோல் சட்டென்று சிலிர்த்தது, தலையைத் திருப்பிப் பார்த்தாள். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார். ஊசி என்றால் தடுப்பூசி போடும் ஊசி மாதிரி நினைக்காதீர்கள். அதில் மருந்து போக உள்ளே துளை இருக்கும், இதில் துளையே கிடையாது. கால் மில்லிமீட்டர் அளவுதான் தடிமன், பிடியில் சின்ன பிளாஸ்டிக். மெல்லிய குழாய் ஒன்றைத் தோலில் வைத்து, உள்ளே ஊசியை நிறுத்தி, விரலால் லேசாகத் தட்டினால் இறங்கிவிடுகிறது. உச்சந்தலையில் ஒன்றை முதலில் வைத்தார், அமைதிப்படுத்துவதற்காம். அப்புறம் இடுப்புக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் என்று வரிசையாக.

முதல் சில ஊசிக்கு மூக்கை நக்கினாள், கொட்டாவி விட்டாள். கால் மணி நேரம் போனதும் என் மடியில் தாடையை வைத்துக் கண்ணை மூடிவிட்டாள். பின்னங்காலில் வைத்த ஒன்றுக்கு மட்டும் கத்தினாள், டாக்டர் உடனே அதை எடுத்துவிட்டு வேறு இடம் பார்த்தார். அப்படி எடுப்பவராக இருக்க வேண்டும், பிடித்து அமுக்குபவராக இருக்கக் கூடாது.

ஒரு சின்ன விஷயம்: முடி அடர்த்தியான நாயாக இருந்தால் வைத்த ஊசி எத்தனை, எடுத்த ஊசி எத்தனை என்று நீங்களும் எண்ணுங்கள். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினால் ரெண்டு கீழே விழும். தரையில் கிடப்பதை வேறொரு நாய் மிதிக்கும்.

புஜ்ஜி இப்போது நடக்கிறாள். நேராக இல்லை, கொஞ்சம் சாய்ந்து. எது வேலை செய்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

கணக்கு வாத்தியார்:
கடைசி வரிக்கு நன்றி மேடம். பெரும்பாலும் அந்த வரியை யாரும் எழுதுவதில்லை.

நான் நாய் பிரியன்தான், ஆனால் எண்களையும் பார்ப்பவன். வீட்டு விலங்குகளுக்குச் செய்த அக்குபங்சர் ஆய்வுகள் 31ஐத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை 2006இல் வந்தது. எந்த நோய்க்கும் இதைப் பரிந்துரைக்கவோ ஒதுக்கித் தள்ளவோ போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. டாஷ்ஹண்டுகளுக்கு வரும் இந்த முதுகுத்தட்டுக் கோளாறில் மின் அக்குபங்சர் (வைத்த ஊசியில் லேசாக மின்சாரம் கொடுப்பது) கைகொடுத்ததாக 2010இல் பிரேசில் ஆய்வு ஒன்று வந்தது, அது கொஞ்சம் நம்பிக்கை தருவது. ஆனால் 40 நாய்கள்தான். எந்த நாய்க்கு எந்த சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 2012இல் வந்த வேறொரு ஆய்வு. மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். நாய் நடக்கும்போது கால் தரையில் எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கருவியால் அளந்தார்கள். கருவியில் மாற்றம் இல்லாதபோதும், "நொண்டுவது குறைந்திருக்கிறது" என்ற மாதிரி உரிமையாளர்கள் சொன்ன தருணங்கள் ஏறக்குறைய 40 சதவீதம். கால்நடை மருத்துவர்களும் அதற்குக் குறையவில்லை, ஒரு படி மேலே போனார்கள். நாய்க்கு மாத்திரை மேல் நம்பிக்கை கிடையாது. நமக்கு உண்டு. காசும் கொடுத்து, மலையும் இறங்கி வந்தால் நம்பிக்கை இரட்டிப்பாகும்.

தலைவாசல் மாணவி:
வாத்தியார் சார் சொன்ன ஆய்வுகள் எங்களுக்கும் வகுப்பில் பேசப்பட்டவைதான். நான் கால்நடை மருத்துவம் இறுதி ஆண்டு, டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

"ஒன்றுமே இல்லை" என்று தள்ளவும் முடியாது சார். ஊசி இறங்கும் இடத்தில் நரம்பு தூண்டப்படுகிறது, உடம்பு எண்டார்பின் என்ற தன்னுடைய வலி நிவாரணியைச் சுரக்கிறது என்பது 1970களிலிருந்தே பேசப்படுவது. மார்பின் வகை மருந்தை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் அக்குபங்சரின் வலி நிவாரணமும் குறைகிறது என்று அப்போதே பார்த்தார்கள். 2010இல் எலிகளில் செய்த ஆய்வில் ஊசி வைத்த இடத்தைச் சுற்றி அடினோசின் என்ற பொருள் கூடுவதையும், அதை ஏற்கும் உணர்வாங்கி (ரிசப்டர்) இல்லாத எலிகளுக்குப் பலன் கிடைக்காததையும் காட்டினார்கள். ஆக, வலியைத் தணிக்க ஒரு வழி இருக்கிறது. அது 13 வயது லாப்ரடாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதுதான் தெளிவில்லாதது.

சிறுநீரகம் சரியில்லாததால் வலி மாத்திரை கொடுக்க முடியாத நிலையில், பக்கவிளைவு குறைந்த ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது நியாயமான யோசனை. கூடுதலாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். மெலாக்சிகாம் போனால் எல்லாம் போகவில்லை, காபாபென்டின் மாதிரி வேறு மருந்துகள் இருக்கின்றன, அளவைக் குறைத்துச் சிறுநீரகத்துக்குத் தக்கபடி டாக்டர் கொடுப்பார். மனிதர்களுக்கான காபாபென்டின் சிரப் மட்டும் வாங்கிவிடாதீர்கள், சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும், நாய்க்கு அது விஷம்.

போகும் முன் ஒரு விஷயம் கட்டாயம். நம்ம ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். அதைக் கொண்டுவரும் எர்லிக்கியா கிருமி இருந்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் ஊசி வைத்தால் உள்ளே ரத்தம் கட்டலாம். சமீபத்திய ரத்த அறிக்கையைக் கையோடு எடுத்துப் போங்கள். உடம்பில் கட்டி எங்காவது இருந்தால் முதலிலேயே காட்டுங்கள், கட்டி மேலே ஊசி வைக்கக் கூடாது.

அம்மாபேட்டை ராஜ்:
எதுக்குங்க இவ்வளவு செலவு? எங்கள் தெருவிலேயே அக்கு ஹீலர் ஒருத்தர் இருக்கார். ஊசியே கிடையாது, ஒரு விரலால் தொட்டாலே போதும். எங்கள் அத்தைக்கு சர்க்கரை மாத்திரையே நிறுத்திட்டார். நாய்க்கும் பார்ப்பார்னு கேள்வி. மருந்துதான் நோய்க்குக் காரணம்னு சொல்வார், யோசிச்சுப் பாருங்க.

ஃபேர்லேண்ட்ஸ் கீதா:
ராஜ் தம்பி, அத்தையை முதலில் சர்க்கரை அளவு பார்க்கச் சொல்லுங்க.

ஐந்துரோடு அசோக்:
இதைப் பற்றி எனக்குக் கோபமே வரும், மன்னிக்கவும். எங்கள் ஸ்பிட்ஸுக்கு இதய வால்வு ஒழுகல். தினமும் ரெண்டு வேளை மாத்திரை, அதில் ஒன்று நுரையீரலில் நீர் கோக்காமல் இருக்க. இப்படி ஒருவர் வீட்டுக்கு வந்து, காதைத் தொட்டுப் பார்த்து, "இந்த ரசாயனத்தை நிறுத்தினால் நாய் தானா தேறும்" என்றார். அம்மா நம்பி, என்னிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நாக்கு நீலம் பாய்ந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்த நாயை நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது, ஆனால் பழைய மாதிரி ஆகவே இல்லை. தொட்டதால் ஒன்றும் ஆகவில்லை, விட்டதால்தான் ஆயிற்று.

தலைவாசல் மாணவி:
இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984 என்று ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் விலங்குக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும். மனிதர்களுக்கு எவ்வளவு நன்றாக ஊசி வைத்தாலும், நாயின் நுரையீரல் எவ்வளவு தூரம் பின்னால் வருகிறது என்று தெரியாதவர் விலா எலும்புக்கு நடுவே ஊசி வைக்கக் கூடாது. அதனால் "எங்கே பயிற்சி எடுத்தீர்கள்" என்று டாக்டரிடமே தயங்காமல் கேளுங்கள். கால்நடை அக்குபங்சருக்கென்றே 1974இல் தொடங்கிய சர்வதேச சங்கம் ஒன்று இருக்கிறது, கால்நடை மருத்துவம் முடித்தவர்களுக்குத்தான் சான்றிதழ் வகுப்பு நடத்துகிறார்கள். முறையாகப் படித்தவர் இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மட்டுறுத்துநர்:
ராஜ், மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆலோசனை இங்கே வேண்டாம். மற்றவர்களும் கிளினிக் பெயர், கட்டண விவரம் எல்லாம் தனிச்செய்தியில் பேசிக்கொள்ளுங்கள். இழை தொடரட்டும்.

ஓமலூர் பெரியவர்:
நாங்கள் மாடு வைத்திருந்த காலத்தில் கால் இழுத்தால் சூட்டுக்கோல்தான். பழுக்கக் காய்ச்சி இடுப்பில் கோடு போடுவார்கள். மாடு அலறுவது இன்னும் காதில் இருக்கிறது, நல்லவேளை இப்போது குறைந்துவிட்டது. அதற்கு இந்த ஊசி ஆயிரம் மடங்கு தேவலை. எங்கள் ஊர் வர்மக்காரர் கேட்டால், இதெல்லாம் எங்களுடையது, சீனாக்காரன் எடுத்துக்கொண்டு போனான் என்பார். அது கிடக்கட்டும்.

ராணிக்கு ஒத்தடம் கொடுங்கள் அம்மா. கோதுமைத் தவிட்டை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, இடுப்பிலும் தொடையிலும் பத்து நிமிஷம். பனிக் காலத்தில் காலையில் எழுப்பும் முன் கொடுத்தால் தானாக எழுந்திருக்கும். காசும் இல்லை, மலையும் இறங்க வேண்டாம்.

தலைவாசல் மாணவி:
தாத்தா சொன்னது அருமை. சூட்டை உங்கள் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நாய்க்குச் சுட்டால் நகர்ந்து போக முடியாத நிலைமையில் இருக்கிறது, அதுதான் பயம். புதிதாக வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்கு ஒத்தடம் வேண்டாம், பழைய விறைப்புக்குத்தான்.

பூனை வீடு:
பூனைக்காரர்களையும் கொஞ்சம் கவனியுங்கள் ஐயா! 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, 90 சதவீதத்தில் மூட்டுத் தேய்மானம் இருந்ததாக 2002இலேயே ஆய்வு வந்துவிட்டது. ஆனால் பூனை நொண்டாது. எங்கள் மிட்டு ஜன்னல் திட்டில் ஏறுவதை நிறுத்தினாள், "வயசாச்சு, அடங்கிட்டா" என்றார்கள் எல்லோரும். மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தாள், "திமிர்" என்றார்கள். கவனித்துப் பார்த்தால் தட்டின் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்க முடியவில்லை. ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்திக் கொடுத்ததும் திமிர் போய்விட்டது.

அக்குபங்சரைப் பொறுத்தவரை மிட்டு நாலைந்து ஊசிக்கு மேல் விடவில்லை. அதுவும் கூடையின் மேல் மூடியைக் கழற்றி, அவள் உள்ளேயே படுத்திருக்க, டாக்டர் தரையில் உட்கார்ந்து வைத்தார். மேசை மேல் தூக்கி வைத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இப்போது ஊசிக்குப் பதில் லேசர் வைக்கிறார், அதற்குச் சும்மா இருக்கிறாள். முன்னைக்கு இப்போது உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறாள், முதுகு முடி சிக்கு விழுவதில்லை. என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த மாற்றம் இது ஒன்றுதான்.

இதைப் படிக்கும் யாராவது பூனைக்கு வலி என்று பாரசிட்டமால் கொடுக்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

நாகலூர் எஸ்டேட்:
செம்மடுவு அக்கா, நானும் மேலேதான். உங்கள் கேள்வியில் எல்லோரும் ஊசியைப் பிடித்துக்கொண்டார்கள், வாந்தியை விட்டுவிட்டார்கள். இடுப்பு தேய்ந்த நாய் காரில் எப்படி நிற்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வளைவிலும் கால் நாலையும் அகட்டி விறைத்துக்கொண்டு நிற்கும். அடிவாரம் போய்ச் சேருவதற்குள் தொடைச் சதை எல்லாம் கல்லாகிவிடும். அங்கே அரை மணி நேரம் ஊசி வைத்துத் தளர்த்தி, மறுபடி மேலே ஏறும்போது அதே வளைவு. வலியைக் குறைக்கப் போய் வலியைச் சம்பாதித்துக்கொண்டு வருகிற கதை. குப்பனூர் வழியாகப் போனாலும் வளைவுக்குப் பஞ்சமில்லை, சுற்றுலாக் கூட்டம் குறைவு, அவ்வளவுதான்.

நான் எங்கள் கிழவன் சீசருக்குச் செய்வது இது. பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டு, இரண்டு பக்கமும் காபி மூட்டைச் சாக்கில் பழைய துணி அடைத்து அணை கொடுப்பேன். படுத்தால் உருளாது, அணைப்பு இருந்தால் நிற்கவும் முயலாது. விடிவதற்குள் கிளம்பிவிடுவேன், வெறும் வயிறு. வாந்திக்கு மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் மலைப் பாதையில் இறங்கவே இறங்காதீர்கள், ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட வேண்டும்.

இதற்கும் மேலான வழி ஒன்று தோன்றுகிறது. மேலே வயதான நாய் வைத்திருப்பவர்கள் நான்கைந்து வீடு சேர்ந்தால் டாக்டரையே வரவழைக்கலாமே? அவருக்கும் ஒரு நாள் ஏற்காடு பார்த்த மாதிரி.

செம்மடுவு வாசி:
எல்லோருக்கும் நன்றி. ரத்தப் பரிசோதனை மறுபடி எடுத்தோம், தட்டணுக்கள் சரியாக இருந்தன. நாகலூர் தம்பி சொன்ன மாதிரி சாக்கு அணை கொடுத்துக் கூட்டிப்போனோம். வாந்தி இல்லை, எச்சில் மட்டும் ஒழுகியது.

டாக்டர் நல்ல பொறுமைசாலி. நடக்கவிட்டுப் பார்த்தார், உட்காரவிட்டுப் பார்த்தார், அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். முன்னந்தோளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சதை கயிறு முறுக்கியது மாதிரி இருந்தது. பின்னங்காலின் பாரத்தையும் முன்னங்கால்தான் சுமக்கிறது, அதனால் வலி இடுப்பில் மட்டும் இல்லை, தோளிலும் கழுத்திலும் இருக்கிறது என்றார். பாதி ஊசி அங்கேதான் போனது. இடுப்பில் வைத்த இரண்டு ஜோடிக்குச் சின்னக் கவ்விகள் மாட்டி மின்சாரம் கொடுத்தார். தொடை லேசாகத் துடித்தது, ராணி திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். கூட வந்த வீட்டுக்காரர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

அன்றும் மறுநாளும் ஒரேயடியாகத் தூங்கினாள். பயந்து போன் செய்தேன், அது வழக்கம்தான் என்றார். ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை, பலன் இருந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம், நாலைந்து முறைக்குப் பிறகும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் தானே நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். அந்தப் பேச்சே எனக்குப் பிடித்திருந்தது.

கணக்கு வாத்தியார்:
நிறுத்தும் இடத்தை முதலிலேயே சொன்னாரே, நல்ல மருத்துவர். ஒரு வேண்டுகோள் மேடம். "நன்றாக இருக்கிறாள்" என்று எழுதி வைக்காதீர்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் செல்போனில் எடுங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வாசல் வரை வருவது, அது போதும். பின்னர் தேதியை மறைத்துவிட்டு, வீட்டில் இல்லாத யாரையாவது பார்த்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

செம்மடுவு வாசி:
செய்தேன் சார். மகள் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவளுக்கு அனுப்பினேன். எழுந்திருப்பதில் எது முன்னே எது பின்னே என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் எழுந்த பிறகு நடப்பதில், சிகிச்சைக்கு அப்புறம் எடுத்தவற்றையெல்லாம் சரியாகப் பிரித்துவிட்டாள். "இதுலதாம்மா வாலை ஆட்டுறா" என்றாள், நான் வாலைக் கவனிக்கவே இல்லை.

இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுத்து மூச்சிரைப்பது நின்றிருக்கிறது, இதை வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டார். ஆனால் இதே சமயத்தில் காபாபென்டினும் ஆரம்பித்தோம், டைல்ஸ் தரை முழுக்க ரப்பர் விரிப்பும் போட்டோம். வாத்தியார் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு வாத்தியார்:
கேட்கத்தான் இருந்தேன்! பரவாயில்லை. பரிசோதனைக் கூடமா நடத்துகிறீர்கள், கிழவி தூங்கினால் சரி. என் ஓட்டு விரிப்புக்கு. வழுக்கும் தரைதான் இந்த ஊர் நாய்களின் முதல் எதிரி, புது வீடு கட்டும் எல்லோரும் கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டுவிடுகிறார்கள்.

தலைவாசல் மாணவி:
பாதத்தில் விரலிடுக்கு முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள் அக்கா, விரிப்பு இன்னும் நன்றாகப் பிடிக்கும். லாப்ரடார் என்பதால் எடையையும் கேட்க வேண்டும். ரெண்டு மூணு கிலோ குறைந்தாலே மூட்டுக்குப் பெரிய விடுதலை. மாலை நேர பிஸ்கட்டை யார் போடுகிறார்கள்?

செம்மடுவு வாசி:
டீ குடிக்க வெளியே போனவர்தான்.

சூரமங்கலம் மேரி:
கொஞ்சம் வேறு கேள்வி, கேட்கலாமா என்று தெரியவில்லை. எங்கள் ஜிம்மிக்கு எலும்புப் புற்று, முன்னங்காலில். 11 வயது. காலை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். இந்த ஊசி கடைசிக் காலத்துக்கு உதவுமா? அல்லது நாங்கள் நாளைத் தள்ளிப்போடுகிறோமா?

ஐந்துரோடு அசோக்:
அக்கா, தாராளமாகக் கேளுங்கள். அதற்குத்தானே இந்த இடம்.

தலைவாசல் மாணவி:
எலும்புப் புற்றின் வலி கடுமையானது அக்கா. அதற்கு வலுவான மருந்துகள்தான் முதலில், ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஊசி மட்டும் போதவே போதாது. மற்ற மூன்று காலும் முதுகும் பாரத்தைத் தாங்கி இறுகியிருக்கும், அதைத் தளர்த்தவும் சாப்பிடப் பிடிக்காத குமட்டலுக்கும் சில டாக்டர்கள் அக்குபங்சரைச் சேர்ப்பார்கள். கட்டி இருக்கும் கால் பக்கமே போக மாட்டார்கள்.

நாளைத் தள்ளிப்போடுகிறோமா என்பதற்கு, ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஒரு மதிப்பெண் முறை வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும், மொத்தம் 35ஐத் தாண்டினால் தொடரலாம் என்கிறார். வலி என்ற தலைப்பில் மூச்சு விடச் சிரமப்படுவதையும் சேர்த்துத்தான் பார்ப்பார். வீட்டில் ஆளுக்கொரு தாளில் தனித்தனியாகப் போடுங்கள், பேசி வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் கீதா:
மேரி அக்கா, புஜ்ஜி படுத்திருந்தபோது அந்தத் தாளை நாங்களும் போட்டோம். என் மகன் போட்ட மதிப்பெண்தான் மற்ற எல்லோருடையதையும்விடக் குறைவு. சாப்பாடு ஊட்டுவது நான், இரவில் கூடவே படுத்திருந்தது அவன். அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டில் ஜிம்மியோடு இரவு இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

சூரமங்கலம் மேரி:
என் கணவர்தான் ஹாலில் பாய் போட்டு அதன் கூடப் படுக்கிறார். இன்று போடச் சொல்கிறேன். நன்றிம்மா.

ஓமலூர் பெரியவர்:
மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா. கேட்டு முடிவெடுக்கிற வீட்டில் வளர்ந்தது அதன் பாக்கியம்.

நாகலூர் எஸ்டேட்:
மேலே உள்ளவர்களுக்கு: டாக்டரிடம் பேசிவிட்டேன். மாதம் ஒரு முறை ஏற்காடு வரச் சம்மதம், குறைந்தது நாலு நாய் இருக்க வேண்டும் என்கிறார். மின் கருவியையும் கொண்டு வருவார். எங்கள் பழைய காபிக் கிடங்கு காலியாகத்தான் இருக்கிறது, வெயில் வரும் வரை காத்திருந்து பதினோரு மணிக்கு ஆரம்பிக்கலாம். சீசர், ராணி, மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். இன்னும் ஒன்று வேண்டும். ஒருவரையொருவர் பார்த்துக் குரைத்தால் ஊசி உதிர்ந்துவிடும், அதனால் ஒவ்வொன்றாகத்தான் உள்ளே.

அடிவாரம் செல்வி:
நான் அடிவாரத்தில் இருக்கிறேன், மேலே கொண்டுவரத் தயார். ராஜபாளையம், 10 வயது, பெயர் வீரன். முழங்கால் பிரச்சினை. ஆனால் அவனுக்கு எப்போதாவது வலிப்பு வரும், அதற்கு பீனோபார்பிட்டோன் சாப்பிடுகிறான். சேர்க்கலாமா?

தலைவாசல் மாணவி:
வலிப்பு இருந்தால் மின் அக்குபங்சர் வேண்டாம் அக்கா, அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சாதாரண ஊசி வைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். ஊசி இடத்தில் பி12 மருந்தைச் சிறிதளவு செலுத்தும் முறையும் இருக்கிறது, அதில் ரொம்ப நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டியதில்லை. பீனோபார்பிட்டோனை அன்றைக்கும் வழக்கமான நேரத்திலேயே கொடுத்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். கடைசியாக வலிப்பு வந்த தேதியையும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.

நாகலூர் எஸ்டேட்:
அப்போ நாலு ஆச்சு. செல்வி அக்கா, எட்டரைக்குள் கிளம்பிவிடுங்கள். ராஜபாளையம் ஆண் என்றால் கடைசி முறை உங்களுக்கு, சீசர் கிழவனானாலும் வம்புக்காரன். தனிச்செய்தியில் வழி அனுப்புகிறேன்.